இரண்டு அரசாங்கமும் ஒரு பூட்டும்

அன்புள்ள மகனுக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை. நீயும் நலமில்லை, நானும் நலமில்லை. இங்கே பாரிஸில், என் தையல் கடை இருக்கும் ரூ பெர்தொனே தெருவில் மட்டும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பேச நம்முடைய கதை கிடைத்திருக்கிறது. பிளவுஸ் தைக்க அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே, "மகன்ரை கேஸ் என்ன மாதிரி அக்கா?" என்று தொடங்கிவிடுகிறார்கள். நான் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு நிற்பேன். இத்தனை வருடத் தையல் வேலையில் குண்டூசி எனக்கு இவ்வளவு உதவியாக இருந்ததில்லை.

வருகிற திங்கட்கிழமை நீ உன் காலாலேயே நடந்துபோய்ச் சிறைச்சாலை வாசலில் நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள். நீயாகப் போகவேண்டும். போவாயா, அல்லது உன் மாமா சொல்கிறபடி பிளேன் ஏறி என்னிடம் ஓடி வருவாயா என்பதுதான் இப்போது என் தலைக்குள் இருக்கும் ஒரே கேள்வி. "யோசிக்கிறன் அம்மா" என்று நீ போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீ உள்ளே போன பிறகு இந்தக் கடிதத்தை நம் கடைகளில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். பெயர் போடமாட்டேன். போடாவிட்டாலும் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியட்டும். இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை இதே கூத்தை ஆடாமல் இருந்தால் போதும். தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும். மெதுவாகவே வாசி, இல்லாவிட்டால் தர்ஷினியைக் கொண்டு வாசிப்பி. உன் மனைவிக்குத் தெரியாத ரகசியம் இதில் எதுவும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கெட்ட எண்ணத்தோடு இதைத் தொடங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் சண்டை முடிந்து சனம் முள்வேலி முகாமுக்குள் கிடந்தபோது, எந்த பாங்கில் போட்டு எப்படி அனுப்புவது என்று தெரியாமல் நியூயோர்க்கில் இருந்தவர்கள் உன் பலசரக்குக் கடைக்கு வந்தார்கள். நீ உண்டியலில் அனுப்பினாய். இங்கே ஒருவர் கையில் கொடுத்தால் அங்கே இன்னொருவர் கையில் கிடைக்கும், நடுவில் பாங்கும் இல்லை, ரசீதும் இல்லை. நம் ஆட்களுக்கு இது பால் வாங்கப் போவது மாதிரி. அந்தக் காலத்தில் நீ அனுப்பிய காசில் பால்மா வாங்கிய பிள்ளைகள் இன்று ஓ.எல். பரீட்சை எழுதியிருப்பார்கள். அதை நான் ஒருநாளும் பிழை சொல்லமாட்டேன். ஆனால் முள்வேலி போய் வருடக்கணக்கான பிறகும் நீ நிறுத்தவில்லையே. கல்யாண மண்டபத்துக்கு, காணி வாங்க, வெளிநாடு வர என்று எல்லாவற்றுக்கும் அனுப்பினாய். கடை வாசலில் போர்டு மட்டும்தான் போடவில்லை. "லைசென்ஸ் ஒண்டு எடன் ராசா" என்று தர்ஷினியின் அப்பா எத்தனை தரம் சொன்னார். அவருடைய பேச்சு உனக்குக் காதில் விழவில்லை.

பிறகு உள்ளூர்ப் பொலிஸ் வந்து பிடித்தது. அது மாநில அரசின் கேஸ். லைசென்ஸ் இல்லாமல் காசு அனுப்பினது அவர்களுடைய சட்டத்தில் சின்னக் குற்றம்தானாம். உன்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருப்பதால் ஓடிவிடுவாய் என்று பயந்து, கையில் காசு கட்டினால் விடுகிறோம் என்று நீதிபதி சொன்னார். அவ்வளவுதான். காசு கட்டு, வீட்டுக்குப் போ. யார் கட்டுகிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று அன்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் அவசரமாக பாங்குக்குப் போகச் செருப்பைக் கூடப் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து உன் போன்.

அந்தப் போனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றுகிறது. நீ பேசத் தொடங்குமுன் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. எனக்கு விளங்கவில்லை, யாரோ நேர்ஸ் என்று நினைத்தேன். உனக்கு விளங்கியிருக்கும். இந்த அழைப்பு ஒலிப்பதிவு செய்யப்படுகிறது என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு, அவள் வாய் மூடுமுன் நீ சொன்னாய்: "அம்மா, பாங்கிலை போடாதைங்கோ, அது நாள்க்கணக்கா எடுக்கும். மாமாட்டைக் குடுங்கோ. மாமா போன் ஒண்டு அடிச்சா பின்னேரமே தர்ஷினியின்ரை கையிலை காசு நிக்கும்." என் ராசா, எதற்காகப் பிடித்து உள்ளே போட்டார்களோ, அதே வேலையை, உள்ளே இருந்துகொண்டு, பதிவாகிற போனில் செய்யச் சொன்ன ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான் இருப்பாய். உண்டியல் அனுப்பினதால் வந்த கேஸுக்குப் பிணைக்காசை உண்டியலில் அனுப்பிய குடும்பம் நம்முடையது.

மாமா என்றால் உனக்குத் தெரியாததில்லை. என் சொந்தத் தம்பி, நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு பிரான்ஸின் சட்டம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறவன். "அக்கா, பாங்குக்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான். உங்கடை பிள்ளை உள்ளை இருக்கேக்கை நீங்கள் போம் நிரப்பிக்கொண்டு இருக்கப் போறியளே? என்னட்டைத் தாங்கோ," என்றான். கொடுத்தேன். பின்னேரம் நீ வெளியே. மாமாவுக்குத் தெருவெல்லாம் புகழ்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்ச மாதத்தில் மாநில அரசு கேஸைத் தள்ளிவிட்டது. நீ போனில் சிரித்தாய். "முடிஞ்சுது அம்மா. ஒண்டும் இல்லை எண்டிட்டாங்கள்." நான் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்து, மோதகம் அவித்து, ஆர்ஜொந்தெயில் இருக்கும் என் வீட்டிலிருந்து வாளியில் தூக்கிக்கொண்டு வந்து ரூ பெர்தொனே முழுக்கக் கொடுத்தேன். காய்கறிக் கடை, நகைக்கடை, டெலிபோன் கடை என்று ஒன்று விடவில்லை. ஏன் தள்ளினார்கள் என்று நீ உன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை. அவராகவே உனக்குப் போன் எடுத்தபோது நீ கடையில் கூட்டமென்று வைத்துவிட்டாயாம். அவர் சொல்ல வந்தது இதுதான்: மாநிலக்காரர் உன்னை விடவில்லை, கைமாற்றிவிட்டார்கள். வாங்கிக்கொண்டது பெடரல் என்கிற மத்திய அரசாங்கம். என் மோதகம் எல்லோருடைய வயிற்றிலும் செரிக்குமுன் ஒரு விடிகாலை உன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

இங்கே இருக்கிற எனக்கு அது எப்படி விளங்கும்? இந்த நாட்டில் அரசாங்கம் ஒன்று. லா கூர்னெவில் பிடித்தாலும் மார்செய்யில் பிடித்தாலும் ஒரே குடியரசு. அங்கே ஒரு கடை, ஒரு மேசை, ஒரு காசு, அதற்கு இரண்டு அரசாங்கம் வந்து தனித்தனியாக வழக்குப் போடலாமாம். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கலாமாம். ஒரு குற்றத்துக்கு இரண்டு தரம் விசாரிக்கக் கூடாது என்று நம் தெருவில் சட்டம் படித்தவர் ஒருவர் சத்தியம் செய்தார். ஒரே அரசாங்கம் இரண்டு தரம் செய்யக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தமாம், இரண்டு அரசாங்கம் ஒவ்வொரு தரம் செய்தால் பிழை இல்லையாம். உன் சட்டத்தரணி இதைச் சொல்லத் தர்ஷினி எனக்குத் தமிழில் சொன்னாள். நான் அவளை மூன்றாம் தரமும் சொல்ல வைத்தேன். கடைசியில் அவளே சலித்துப்போய், "மாமி, விளங்காட்டிலும் பரவாயில்லை, நம்புங்கோ," என்றாள்.

தீர்ப்புக்காக நான் வந்திருந்தபோது, நீதிமன்றத்தின் நீளமான தாழ்வாரத்தில் வைத்து உன் சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டேன். நீ அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தாய், அல்லது என்னிடமிருந்து தப்பப் போயிருந்தாய். ஏன் அங்கே அவ்வளவு லேசாக இருந்தது, இங்கே இப்படி இறுகியிருக்கிறது என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார், தர்ஷினி மொழிபெயர்த்தாள்: "மாமி, மாநிலக் கோட்டிலை கேஸ் மலையாக் குவியுமாம். பொலிஸ் முதல் பிடிச்சுக் குடுக்கும், பிறகுதான் அவை என்ன இருக்கு எண்டு பாப்பினமாம். பெடரல்காரர் முதல் எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டுத்தான் வந்து பிடிக்கிறவையாம். அவை கதவைத் தட்டேக்கை கேஸ் முக்கால்வாசி முடிஞ்சுதாம்." அவர்கள் பார்த்து முடித்தவற்றில் உன்னுடைய அந்தப் போனும் இருந்தது. 'மாமாட்டைக் குடுங்கோ' என்று நீ சொன்னது ஆங்கிலமாகி, தட்டச்சாகி, நீதிபதியின் மேசையில் கிடந்தது. "சரி ராசா, குடுக்கிறன்" என்று நான் சொன்னதும் பக்கத்திலேயே இருந்தது. என் தமிழை அமெரிக்க அரசாங்கம் காசு செலவழித்து மொழிபெயர்த்திருக்கிறது. கோயில் மலருக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரையை இதுவரை ஒருவரும் அச்சிடவில்லை.

சரி, கோபத்தை விடுகிறேன். விட முடியவில்லை, ஆனாலும் விடுகிறேன். நீ இப்போது முக்கியமாக யோசிக்க வேண்டியது பிணையைப் பற்றித்தான். மாநிலத்தில் காசு கேட்டார்கள், கொடுத்தோம். பெடரல் நீதிபதி காசைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு ஆள் வேண்டும். உன் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு அதிகாரியை வைத்தார். உனக்காகக் கையெழுத்து வைக்க இந்த ஊரில் நிலையாக இருக்கிறவர் யார் என்று கேட்டார். நான் வருகிறேன் என்றேன், பாரிஸிலிருந்து வருகிறவள் சரிவரமாட்டாள் என்றார்கள். தோள் கொடுக்கக் கூட்டம் கூட்டமாக நின்ற உன் உண்டியல் நண்பர்கள் அன்று எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. தர்ஷினியின் அப்பா வந்தார்.

அந்த மனிதரை நீ ஒருநாளும் மதித்ததில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார், உன்னுடைய பகிடிகளுக்குச் சிரிக்கமாட்டார். உன் கல்யாணத்துக்குக் கட்டிய அதே கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, நீங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் தன் வீட்டை உனக்குப் பிணையாக எழுதிக் கொடுத்தார். "இவர் ஓடிவிட்டால் உங்கள் வீடு அரசாங்கத்துக்குப் போகும், விளங்குகிறதா?" என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விளங்குகிறது என்றாராம். வெளியே வந்து உன்னிடம் என்ன சொன்னார் என்று தர்ஷினி எனக்குச் சொன்னாள். "தம்பி, பேத்தியின்ரை அறையிலை மழைத்தண்ணி ஒழுகுது. இந்தக் கிழமை கூரையைப் பாக்கோணும்." வேறு ஒன்றும் இல்லை. ஒரு குத்தல் கூட இல்லை. எனக்கு அவருடைய இடத்தில் நிற்க நேர்ந்திருந்தால் நான் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தீர்ப்புக்கு முன் உன்னைப் பற்றி அறிக்கை எழுத ஒரு அதிகாரி வந்தாளே, நீ பிறந்ததிலிருந்து எல்லாம் கேட்டு எழுதினாளே. சட்டத்தரணி தலையால் அடித்துச் சொன்னார், நீதிபதி அதை வரிக்கு வரி வாசிப்பார், கஷ்டப்பட்டதை மறைக்காமல் சொல் என்று. நீ என்ன சொன்னாய்? 'சந்தோஷமான குழந்தைப் பருவம், ஒரு குறையும் இல்லை.' எட்டு வயதில், ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரனோடு பனியில் நடந்து வந்த பிள்ளை. லா கூர்னெவில் மற்றக் குடும்பத்தோடு பங்கு போட்ட வீட்டில் சமையலறையில் படுத்து எழும்பிய பிள்ளை. அப்பா செத்த அடுத்த நாள் எனக்கு மொழிபெயர்க்க என்று விசா அலுவலகமான பிரிஃபெக்சூர் வரிசையில் நின்ற பிள்ளை. இதில் எது குறையில்லை? நம் வீட்டுக் கதையை வெள்ளைக்காரிக்குச் சொல்வது வெட்கம் என்று நினைத்தாய். உனக்கு மட்டுமில்லை, நம் சனம் முழுக்க இப்படித்தான். அகதி விண்ணப்பத்தில் இல்லாத கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லுவோம், உண்மையான கஷ்டத்தைக் கேட்டால் ராசா மாதிரி வாழ்ந்தோம் என்போம்.

ஆகவே கிடைத்த தண்டனை கிடைத்ததுதான். மாநிலச் சிறையென்றால் பாதியில் குழு ஒன்று கூடிப் பார்த்து வெளியே விடுவதுண்டாம். பெடரலில் அந்தக் கதையே இல்லையாம். ஒழுங்காக இருந்தால் கொஞ்சம் குறைப்பார்கள், மற்றதெல்லாம் இருந்துதான் முடிக்க வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்துதான் உன் மாமா மறுபடி சட்டம் பேசத் தொடங்கினான். போன கிழமை கடையில், நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருக்கும்போது வந்து குசுகுசுத்தான். "அக்கா, பிள்ளை அங்கை பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட் துலைஞ்சுபோச்செண்டு சொன்னா, வர ஒரு காகிதம் குடுப்பாங்கள். இஞ்சை வந்து இறங்கினாச் சரி. பிரான்ஸ் தன்ரை பிரசையை வேறை நாட்டுக்குப் பிடிச்சுக் குடுக்காது. இது சட்டம்."

"வீடு?" என்று கேட்டேன்.

"எந்த வீடு?"

"சம்பந்தியாற்றை வீடு."

"அதைப் பிறகு பாக்கலாம் அக்கா."

பிறகு பார்க்கலாமாம். அந்த வீட்டின் மேல்மாடியில்தான் உன் மகள் தூங்குகிறாள், அந்த ஒழுகிற கூரைக்குக் கீழே. நான் விசாரித்தேன். மாமா சொன்னது உண்மைதான், பிரான்ஸ் தன் பிரசையைப் பிடித்துக் கொடுக்காதாம். அவன் வாழ்க்கையில் சரியாகச் சொன்ன ஒரே சட்டம் இதுதான், அதனால்தான் எனக்கு நடுங்குகிறது. பொய்யாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நீ வந்தால் உன்னை ஒருவரும் தொடமாட்டார்கள். நீ இங்கே லாச்சப்பல் தெருக்களில் நடமாடலாம், மாமாவின் கடையில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். அங்கே ஒரு கிழவனும் கிழவியும் சாமானை வீதியில் இறக்குவார்கள். தர்ஷினி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். நீ திரும்பி அங்கே கால் வைக்க முடியாது. மகளை நீ பார்ப்பதென்றால் அவள் இங்கே வந்தால்தான். அப்பா எங்கே என்று கேட்பவர்களுக்கு, தாத்தாவின் வீட்டைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார் என்று அவள் சொல்ல வேண்டும். சிறையில் இருக்கிறார் என்று சொல்வது அதைவிட எவ்வளவோ மேல். முடிந்தது என்று ஒருநாள் சொல்லலாம்.

உன் மாமாவிடம் நேற்று நேராகவே சொன்னேன். "நீ இன்னொரு தரம் அவனுக்குப் போன் எடுத்தியெண்டா, நான் இந்தத் தெருவிலை நிண்டு உன்ரை கதையை முழுக்கச் சொல்லுவன்." அவன் முகம் சுருங்கிப்போய்விட்டது. "உங்கடை பிள்ளைக்காண்டித்தான் அக்கா செய்தனான்," என்றான். எனக்கும் கண் கலங்கியது. அவன் பொய் சொல்லவில்லை. நம்மிடம் உள்ள பிரச்சினையே இதுதான், எல்லோரும் அன்பாலேயே கெடுக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை எழும்பு. பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னி விடு. சம்பந்தியார் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னாராம், அவரோடு போ. வழியில் அவர் பேசமாட்டார். நீயும் வாயை மூடிக்கொண்டு இரு. இறங்கும்போது மட்டும் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லு, என்ன வார்த்தை என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பிறகு நடந்து போ. அந்த வாசலுக்கு நீ வைக்கிற ஒவ்வொரு அடியும் அந்த வீட்டுக்கு நீ போடுகிற கூரை.

படிக்கிற காலத்தில் நான் தந்த ஆர்ஜொந்தெய் வீட்டுச் சாவி இன்னும் உன் சாவிக்கொத்தில் தொங்குகிறது, தீர்ப்பு நாளில் பார்த்தேன். இன்று காலை பூட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினேன். அவன் கேட்ட கூலியைக் கேட்டு அவனோடும் சண்டை பிடித்தேன். புதுச் சாவி இரண்டு தந்தான். ஒன்று என் இடுப்பில், மற்றதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், நீ எல்லாவற்றையும் இருந்து முடித்துவிட்டு வரும்போது எடுத்துக்கொள்ள.

ஆனால் ராசா, பூட்டை மாற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பூட்டு உன்னைத்தான் வெளியே நிறுத்தும், என்னை நிறுத்தாது. நீ வந்து வாசலில் நின்று அம்மா என்று ஒரு தரம் கூப்பிட்டால் நான் திறந்துவிடுவேன். இவ்வளவு எழுதிய நானேதான் திறப்பேன், திறந்து சோறும் போடுவேன். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

உன் அம்மா